நடக்கிற வேகத்தில் ஒரு இடி

கந்தசாமியின் காரைப் பார்த்தால் அது யாரையாவது இடித்த கார் என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. முன் பம்பரில் நகத்தால் கீறினாற்போல் ஒரு கோடு இருந்தது. அது இடித்ததில் விழுந்ததா, வீட்டு கேட்டில் உரசி விழுந்ததா என்று அவருக்கே தெரியாது. இடி வாங்கிய காரோ இன்னும் நன்றாக இருந்தது. நம்பர் பிளேட் மட்டும் லேசாக உள்வாங்கியிருந்தது, அவ்வளவுதான். இந்த அழகில், அந்தக் காரின் பின் சீட்டில் இருந்த பெண்ணுக்குக் கழுத்தில் பலத்த அடி, வலது கை விரல்கள் மரத்துப்போகின்றன, வேலை பார்க்க முடியவில்லை என்று தீர்ப்பாயத்தில் நஷ்டஈடு கேட்டு மனு வந்தால், கந்தசாமியின் இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? சிரித்து முடித்துவிட்டு ஃபைலை லாரன்ஸுக்கு அனுப்பினார்கள்.

லாரன்ஸ் கள்ளக்குறிச்சியில் இருந்துகொண்டு விபத்து வழக்குகளை விசாரித்து அறிக்கை கொடுக்கிறவர். எந்தக் கம்பெனிக்கும் சம்பளக்காரர் இல்லை, கூப்பிட்டால் போவார். முன்பு ஒர்க்ஷாப் வைத்திருந்தவர் என்பதால் தகர நசுங்கலைப் பார்த்தே என்ன வேகத்தில் என்ன நடந்தது என்று ஏறக்குறையச் சொல்லிவிடுவார். பொய்க் கேஸ் பிடிப்பதில் பேர் வாங்கினவர். ஆனால் அவருடைய உண்மையான தகுதி வேறு. கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் உட்காருவதற்கு முன் பின்பக்கம் போய் எந்த அடுப்பில் என்ன வேகிறது என்று பார்த்துவிட்டு வருகிற ஆள் அவர். எல்லாவற்றிலும் மூக்கை நுழைத்தாக வேண்டும். அந்த மூக்குக்குச் சோறு போட ஒரு தொழில் அமைந்தது அவருடைய அதிர்ஷ்டம்.

நடந்தது இதுதான். பொங்கல் கழிந்து கரும்பு வெட்டு மும்முரமாக இருந்த நேரம். வடக்கனந்தலில் இருந்து மார்ட்டின் தன் பழைய காரில் அம்மா இஞ்ஞாசியம்மாளைக் கள்ளக்குறிச்சிக்குக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறார். அம்மா முன் சீட்டில் தூங்குகிறார். மனைவி அமுதா பின்னால், மார்ட்டினுக்கு நேர் பின்னே இருக்கிறார். வழியில் ஒரு வேகத்தடையில் கரும்பு டிராக்டர் ஒன்று ஏற முடியாமல் திணறி நிற்க, மார்ட்டினும் நிறுத்துகிறார். அவருக்குப் பின்னால் கந்தசாமி. ரிட்டயர்டு வாத்தியார். கல்வராயன் மலையில் தேன் வாங்கிக்கொண்டு இறங்கி வருகிறார். பக்கத்து சீட்டில் தேன் பாட்டில் சாய்வதைப் பார்த்து அதைப் பிடிக்கப் போனதில் பிரேக்கில் இருந்த கால் எழும்பிவிட்டது. இறக்கமான இடம். கார் மெல்ல உருண்டு போய் முன்னால் நின்ற காரில் முட்டியது. மனிதன் நடக்கிற வேகம்தான் இருக்கும்.

எல்லாரும் இறங்கினார்கள். கந்தசாமி கையெடுத்துக் கும்பிடாத குறையாக மன்னிப்புக் கேட்டார். முன்ஜாக்கிரதைக்காரர் ஆகையால் செல்போனில் வீடியோவும் எடுத்துக்கொண்டார். அந்த வீடியோ ஃபைலில் இருந்தது. மார்ட்டின் சிரித்துக்கொண்டே, “யாருக்கும் ஒன்னும் ஆவல சார், நீங்க கெளம்புங்க” என்கிறார். பின்னால் இஞ்ஞாசியம்மாள் கொட்டாவி விடுகிறார். அமுதா துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு தானும் ஒன்றுமில்லை என்று தலையாட்டுகிறார். மறுநாள் காலையில் அதே தலையைத் தலையணையில் இருந்து தூக்க முடியவில்லை என்கிறது மனு. போலீஸில் புகார் கொடுத்ததோ அதற்கும் வெகுநாள் கழித்து. கம்பெனி வக்கீலுக்கு இதைவிட என்ன வேண்டும்?

லாரன்ஸ் வடக்கனந்தலுக்குப் போனபோது கதவைத் திறந்தவர் மார்ட்டின். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுக்கிற வேலை அவருக்கு. எதிர்த்தரப்பில் இருந்து வந்த ஆள் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று பார்த்தால், விருந்தாளி மாதிரி வரவேற்று, மனைவி காதில் விழாமல் தோட்டத்துப் பக்கம் அழைத்துப் போனார். அவருக்கும் யாரிடமாவது கொட்ட வேண்டியிருந்தது. அமுதா பொய் சொல்லுகிறவள் இல்லை என்றார். ஆனால் தானும்தான் அந்தக் காரில் இருந்தேன், எழுபதைத் தாண்டிய அம்மாவும்தான் இருந்தார், முதுகில் யாரோ செல்லமாகத் தட்டினது போலத்தான் இருந்தது என்றார். மனுவில் கையெழுத்துப் போட்டது அவள்தான், தான் சும்மா கூடப் போனதோடு சரி.

“எனக்கு ஒன்னும் புரியல சார். மீட்டர்ல ஓடாத கரண்ட்டுக்கு பில்லு வந்த மாரி இருக்குது.”

அமுதா கூடத்தில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். முப்பதைத் தாண்டிய வயது. யாராவது பக்கவாட்டில் இருந்து பேசினால் கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு திரும்பினார். நடிக்கிறவர்கள் அவ்வப்போது மறந்துபோவார்கள் என்பது லாரன்ஸின் அனுபவம். அதனால் வேண்டுமென்றே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டு கேள்வி கேட்டார். ஒரு தடவைகூட அவர் மறக்கவில்லை.

கள்ளக்குறிச்சியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தவர் அமுதா. கைக்குழந்தைகளுக்கு நரம்பு கிடைக்காவிட்டால் அவரைத்தான் கூப்பிடுவார்களாம். விபத்துக்குப் பிறகு ஊசி பிடிக்கிற விரல் எப்போது மரத்துப்போகும் என்று சொல்ல முடியாமல் ஆகிவிட்டது. ஒரு நாள் ஒரு குழந்தையின் கையில் மறுபடி மறுபடி குத்தும்படி ஆகி, அது அலறி, அதன் அம்மா இவரைப் பார்த்த பார்வையில் இவர் ஊசியை வைத்துவிட்டு எழுந்தவர்தான். லேபில் யாரும் அவரை வேலையை விட்டு நிறுத்தவில்லை. தானாகவே வீட்டுக்கு வந்துவிட்டார். மறுபடி அந்த நாற்காலியில் உட்கார வைத்தியம் வேண்டும், வைத்தியத்துக்கு இந்த வழக்கில் பணம் கிடைக்க வேண்டும். ஆனால் அவர் சொன்ன விதத்தைப் பார்த்தால் வழக்கைவிடப் பெரிய கவலை ஒன்று உள்ளே அரித்துக்கொண்டிருந்தது.

“லேபுல நம்பல, தெருவுல நம்பல. வூட்லயும் வாயத் தொறந்து சொல்லலன்னாலும் நம்பலன்னு எனக்குத் தெரியும் சார். இப்பல்லாம் எனக்கே சந்தேகம் வந்துடுது. இத்தினி பேரும் சொல்றாங்களே, வலியே இல்லாம நாந்தான் வலிக்குதுன்னு நெனச்சிக்கினு கெடக்கறேனோன்னு.”

மார்ட்டின் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். லாரன்ஸுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. ஆனால் சங்கடத்தை அறிக்கையில் எழுத முடியாது.

அவருக்குத் தெரிந்த எலும்பு டாக்டர் ஒருவர் சேலத்தில் இருக்கிறார். ஃபைலில் இருந்த அமுதாவின் ஸ்கேன் படங்களை அவருக்கு அனுப்பிவிட்டு ஃபோன் போட்டார். டாக்டர் பார்த்துவிட்டு, பாதிப்பு இருப்பது நிஜம், அது ஒரு பக்கமாக இருப்பதுதான் விசேஷம் என்றார். மெதுவான இடியில் கழுத்து நேராக இருந்தால் பெரும்பாலும் ஒரு ஆட்டம் ஆடிவிட்டுச் சரியாகிவிடும். நன்றாகத் திரும்பியிருக்கிற கழுத்து வேறு, முறுக்கின துணி மாதிரி ஏற்கெனவே இழுபட்டு நிற்கும், அதற்குச் சின்ன இடியே போதும். “அந்தம்மா தல அப்ப எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு கேளுங்க” என்றார் டாக்டர். நேராக இருந்தது என்றால் இந்தப் பாதிப்பு வேறு எப்படியோ வந்தது என்றுதான் தான் சொல்ல வேண்டிவரும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

லாரன்ஸ் மறுபடி வடக்கனந்தலுக்குப் போனார். நேர்மையாகச் சொன்னால், அவர் அன்று அமுதாவுக்குக் கையில் வெல்லக்கட்டியைக் கொடுக்கத்தான் போனார். ஜன்னல் பக்கம் ஏதாவது பார்த்தீர்களா, பின்னால் திரும்பி பையை எடுத்தீர்களா, யாராவது கூப்பிட்டார்களா, நன்றாக யோசித்துச் சொல்லுங்கள், தலை திரும்பி இருந்தது என்றால் உங்களுக்குத்தான் நல்லது என்று, கேட்கக் கூடாத அளவுக்கு விளக்கமாகக் கேட்டார். பொய் சொல்கிறவராக இருந்தால் கப்பென்று பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் அது.

அமுதா கண்ணை மூடி யோசித்தார். டிராக்டரில் இருந்து கரும்பு தொங்கியது நினைவிருக்கிறது, அத்தை குறட்டை விட்டது நினைவிருக்கிறது. பிறகு தலையை மெல்ல ஆட்டினார்.

“நேராத்தான் சார் உக்காந்துக்கினு இருந்தேன். எனக்கு நல்லது ஆவும்ங்கறதுக்காக இல்லாதத எப்டி சொல்றது?”

லாரன்ஸுக்குத் தூக்கம் கெட்டது அந்தப் பதிலால்தான். ஸ்கேன் படம் திரும்பியிருந்தாள் என்கிறது. அவளோ இல்லை என்று தன் வழக்கைத் தானே குழி தோண்டிப் புதைக்கிறாள். படம் பொய் சொல்லாது, இந்தப் பெண்ணும் பொய் சொல்வதாகத் தெரியவில்லை. இரண்டும் உண்மையாக இருக்க முடியாதே என்று மனுஷன் சோற்றில் கை வைத்துக்கொண்டு யோசிக்க ஆரம்பித்தார். பழைய சிநேகிதர் ஒருவரின் ஒர்க்ஷாப்புக்குப் போய், ஒரு காரின் பின் சீட்டில் தானே உட்கார்ந்து, இன்னொரு காரை நடக்கிற வேகத்தில் கொண்டுவந்து இடிக்கச் சொன்னார். தலை ஒரு முறை பொம்மைத் தலை போல ஆடி நின்றது. மறுநாள் காலையில் ஆவலோடு எழுந்து கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். ஒரு வலியும் இல்லை. வலித்திருக்கலாம் என்று ஏமாற்றமாக இருந்தது என்றால் அவருடைய ஆர்வத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடத்தையும் அவர் விடவில்லை. வேகத்தடை, ரோட்டின் இறக்கம், ஓரத்துப் புளியமரம், டீக்கடை, எதிர்ப்பக்கத்து மரவள்ளிக் காடு என்று மறுபடி மறுபடி போய்ப் படம் எடுத்தார். டீக்கடைக்காரர் இவர் பைக் சத்தம் கேட்டாலே கிளாஸ் கழுவ ஆரம்பித்துவிடுவார். ஒன்றும் சிக்கவில்லை. கடைசியில், விட்டுப்போனது ஒன்றே ஒன்றுதான் என்று அவருக்குப் பட்டது. அதே காரில், அதே சீட்டில் உட்கார்ந்து, அந்த இடத்தை அவர் கடந்து பார்க்கவில்லை. மார்ட்டினைக் கேட்டார். மார்ட்டின் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து காரை எடுத்தார். இதோடு இந்தச் சந்தேகம் ஒழிந்தால் சரி என்பது அவர் எண்ணம். எந்தப் பக்கம் ஒழிய வேண்டும் என்று அவர் நினைத்தார் என்பதை நாம் கேட்காமல் விடுவது நல்லது.

லாரன்ஸ் அமுதா உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தார். சீட்டின் முதுகு தோளோடு நின்றுவிட்டது, தலைக்கு முட்டுக் கிடையாது. முன் சீட்டில் உண்டு. இஞ்ஞாசியம்மாள் அதில் தலையைச் சாய்த்துத் தூங்கியதால் தப்பித்தார் என்பது வரை புரிந்தது. வலது கையில் செல்போனைப் பிடித்து ரோட்டை வீடியோ எடுத்துக்கொண்டே வந்தார். வேகத்தடை வந்தது. மார்ட்டின் மெதுவாக்கி, அன்று டிராக்டருக்குப் பின்னால் நின்ற அதே இடத்தில் நிறுத்தினார். தற்செயலாகத் தலைக்கு மேலே இருந்த கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே இருந்தார்.

“சார், இப்ப இன்னா பண்ணீங்க?”

“ஒன்னும் பண்ணலியே. நேராத்தான் உக்காந்துக்கினு இருக்கேன்.”

“இல்ல சார். திரும்பிப் பாத்து சிலுவ போட்டுக்கினீங்க.”

லாரன்ஸ் சிரித்தார். அந்த மாதிரி எதுவும் செய்யவில்லை என்றார். விசாரணைக்கு வந்த இடத்தில் ஜபம் பண்ணுவேனா என்றார். பிறகு கையைப் பார்த்தார். செல்போன் வலது கையில் இல்லை, இடது கையில் இருந்தது. எப்போது மாறியது என்று அவருக்குத் தெரியவில்லை.

இருவரும் வீடியோவைப் போட்டுப் பார்த்தார்கள். ரோடு வருகிறது, வேகத்தடை வருகிறது, கார் நிற்கிறது. அப்புறம் படம் கிறுகிறுவென்று சுழன்று சீட்டைக் காட்டுகிறது, கதவைக் காட்டுகிறது, இடது ஜன்னலுக்கு வெளியே, நன்றாகப் பின்னால் தள்ளி, புளியமரத்துக்கு அந்தப்புறம் நீலச் சாயம் அடித்த மாதா கெபி ஒன்றை, குகை போல் கட்டி உள்ளே மாதா சிலை வைத்த சின்னக் கோயிலைக் காட்டுகிறது. ஒரு கண நேரம். பிறகு பவ்யமாக ரோட்டுக்குத் திரும்பிவிடுகிறது.

லாரன்ஸுக்குச் சிலிர்த்துவிட்டது. இத்தனை தடவை வந்து இத்தனை படம் எடுத்திருக்கிறார், மரத்தை எடுத்திருக்கிறார், டீக்கடையை எடுத்திருக்கிறார், கெபியை ஒரு படம்கூட எடுக்கவில்லை. சின்ன வயதில் இருந்து அவர் பார்த்துக் கும்பிடுகிற கெபி அது. பைக்கில் போகும்போதுகூட கட்டைவிரல் தானாக நெஞ்சைத் தொட்டுவிட்டு ஹாண்டில்பாருக்குத் திரும்பியிருக்கும். அதை யார் கணக்கில் வைப்பது? மூச்சு விட்டாயா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லத் தெரியும், இப்போது விட்டாயா என்றால் யோசிக்க வேண்டும். அமுதாவும் அப்படித்தான். எதையாவது பார்த்தாயா என்றதற்கு இல்லை என்றாள். கெபியைக் கும்பிடுவது அவளுக்குப் பார்ப்பதில் சேர்த்தி இல்லை.

“அமுதாம்மா இங்க சிலுவ போடுவாங்களா?” என்று கேட்டார்.

மார்ட்டின் தானும் ஒரு தரம் கெபியைத் திரும்பிப் பார்த்தார். கெபி மறைகிற வரைக்கும் திரும்பிப் பார்த்துக்கொண்டே வருவாள் என்று பிறகு சொன்னார். கல்யாணம் ஆன புதிதில், கழுத்து சுளுக்கிக்கொள்ளப் போகிறது என்று அவரே கேலி செய்திருக்கிறாராம்.

வீட்டுக்குத் திரும்பியபோது அமுதா கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார். மார்ட்டின் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துவிட்ட மனிதனின் சந்தோஷத்தோடு, வீடியோவைக் காட்டி, நின்ற இடத்தைச் சொல்லி, கெபியைச் சொல்லி, ஒரே மூச்சில் கொட்டினார். உள்ளேயிருந்து வந்த இஞ்ஞாசியம்மாள், மாதாவைப் பார்த்தவளுக்கா இந்த கதி என்று கன்னத்தில் கை வைத்தார். லாரன்ஸ் தன் பங்குக்கு டாக்டர் சொன்னதை விளக்கினார். தலை இடது பக்கம் பின்னோக்கித் திரும்பியிருந்த நிலையில் இடி விழுந்தது என்று அறிக்கையில் எழுதப் போவதாகவும், தானே உட்கார்ந்து பார்த்ததை வீடியோவோடு சேர்க்கப் போவதாகவும் சொன்னார். கம்பெனி வக்கீல் சும்மா இருக்க மாட்டார், நேராக உட்காராதது உங்கள் தப்பு என்றுகூட வாதாடுவார், ஆனால் இனி யாரும் இதைப் பொய் என்று சொல்ல முடியாது என்றார்.

அமுதா மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். வழக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“அப்ப எனக்கு நெசமாவே அடிபட்டுச்சா சார்?”

“நெசந்தாம்மா. நல்லாவே பட்டிருக்குது.”

அமுதாவின் கண்ணில் தண்ணீர் நிறைந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. இத்தனை மாதமும் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு கிடந்த ஒரு மனுஷிக்குத் தன் மேல் இருந்த நம்பிக்கை திரும்பக் கிடைத்தது போல அவர் முகம் இளகியது.

மார்ட்டினுக்கு அந்த நேரத்தில் பேசாமல் இருக்கத் தெரிந்திருக்கலாம். அவர் ஒரு அடி முன்னால் வந்து, எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் வந்து சாட்சி சொல்கிறேன் என்றார். அந்தப் பழைய வீடியோவில் சொன்னது தப்பு என்று எழுதியே கொடுக்கிறேன் என்றார். கண்ணாடியில் என் ரெண்டு கண்ணாலும் பார்த்தேன், இனிமேல் யார் என்ன சொன்னாலும் நம்ப மாட்டேன் என்றார்.

அமுதா கணவர் பக்கம் திரும்பினார். கழுத்தைத் திருப்ப முடியாததால் நாற்காலியில் இடுப்போடு, தோளோடு, முழுசாகத்தான் திரும்ப வேண்டியிருந்தது. அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. எல்லாரும் காத்திருந்தார்கள்.

“இந்த சாரோட கழுத்து ஒரு தபா திரும்பனதப் பாத்து நம்பிட்டீங்க. எங்கழுத்து இத்தினி மாசமா உங்க பக்கத்துலயே படுத்துக்கினு வலிச்சிச்சே.”

கோபமாக அவர் சொல்லவில்லை. அமுதா வந்த வழியே மெல்லத் திரும்பி, லாரன்ஸைப் பார்த்து, நீங்க எழுதிக்குங்க சார் என்றார்.